ஹோம் தியேட்டரில் மினி பிசி: நாள்பட்ட பயன்பாட்டில் தெரிய வருவது

டிவியோடு மினி பிசியைச் சேர்க்க நினைப்பவர்கள் முதலில் கேட்பது “ப்ராசஸர் தாங்குமா?” என்றுதான். தாராளமாகத் தாங்கும். 2023-இல் வந்த இன்டெல் என்100 வெறும் 6 வாட் சிப். எச்இவிசி 10-பிட், விபி9, ஏவி1 என்ற மூன்று வீடியோ சுருக்க வடிவங்களையும் அதன் கிராபிக்ஸ் பகுதியே டிகோட் செய்துவிடுவதால் (விரித்துவிடுவதால்), 4கே படம் ஓடும்போதும் சிபியுவுக்குப் பெரிதாக வேலை இருக்காது. 8 ஜிபி ரேம், 256 ஜிபி எஸ்எஸ்டி போதும். நாள்பட நாள்பட உயிரை வாங்குவது வேறொன்று: பெட்டி, ரிசீவர் (ஸ்பீக்கர்களுக்கு ஒலியைப் பிரித்துத் தரும் ஆம்ப்ளிஃபையர்), டிவி மூன்றும் ஒன்றையொன்று சரியாகப் புரிந்துகொள்ளாமல் போவது.

அலுவலகங்கள் கழித்துவிடும் பழைய குட்டி டெஸ்க்டாப்பை வாங்குவதென்றால் இரண்டைப் பார்க்க வேண்டும். இன்டெலில் எச்இவிசி 10-பிட்டை முழுதாக வன்பொருளிலேயே டிகோட் செய்வது 7-ஆம் தலைமுறையிலிருந்துதான். ஏவி1 என்றால் 11-ஆம் தலைமுறை. அடுத்தது போர்ட். இவற்றில் பலவற்றில் டிஸ்ப்ளேபோர்ட் மட்டுமே இருக்கும். அதை எச்டிஎம்ஐ ஆக்க மலிவான பாஸிவ் கன்வர்ட்டர் போட்டால் பெரும்பாலும் 4கே 30 ஹெர்ட்ஸோடு நின்றுவிடும். ஆக்டிவ் கன்வர்ட்டர் 60 ஹெர்ட்ஸ் தரும், ஆனால் எச்டிஆர் (வெளிச்சத்தையும் நிறத்தையும் கூடுதல் வீச்சில் காட்டும் முறை) தகவல் எல்லாக் கன்வர்ட்டரிலும் கடந்து போகாது. பெட்டியிலேயே எச்டிஎம்ஐ இருப்பதை வாங்குவதே நிம்மதி.

இணைக்கும் வரிசை: பிசி, ரிசீவர், பிறகு டிவி. பிசியை நேரே டிவியில் செருகி, ஏஆர்சி (டிவியிலிருந்து ஒலியைத் திருப்பி அனுப்பும் எச்டிஎம்ஐ வசதி) வழியாக ரிசீவருக்கு ஒலியைத் திருப்பினால் டால்பி ட்ரூஎச்டி, டிடிஎஸ்-எச்டி என்ற உயர்தர ஒலி வடிவங்கள் இரண்டும் வராது. சாதாரண ஏஆர்சியில் அதற்கு இடமில்லை, இஏஆர்சி வேண்டும். படம் ஓட்டும் கோடி (Kodi) மென்பொருளில் செட்டிங்ஸ் நிலையை ‘எக்ஸ்பர்ட்’ ஆக்கினால்தான் தேவையானவை எல்லாம் கண்ணில் படும். விண்டோஸில் ஒலி வெளியீடாக டைரக்ட்சவுண்டை விட்டுவிட்டு வாசாபி வகையைத் தேர்ந்தெடுத்து, பாஸ்த்ரூவை (ஒலியைப் பிசி தொடாமல் அப்படியே ரிசீவருக்கு அனுப்புவதை) இயக்கி, ரிசீவர் ஏற்கும் வடிவங்களை மட்டும் டிக் செய்யுங்கள். எல்லாம் சரியாக வைத்தும் ரிசீவரில் ‘பிசிஎம்’ (பிசியே டிகோட் செய்து அனுப்பும் ஒலி) என்றே காட்டினால் ‘சிங்க் பிளேபேக் டு டிஸ்ப்ளே’ இயங்குகிறதா என்று பாருங்கள். அது இருந்தால் பாஸ்த்ரூ வேலை செய்யாது. பலரை மணிக்கணக்கில் அலையவிடும் செட்டிங் இது. பாஸ்த்ரூவில் பிசியின் வால்யூம் பொத்தான் எதையும் செய்யாது என்பதையும் வீட்டில் உள்ளவர்களுக்குச் சொல்லி வைப்பது நல்லது. இனி ரிசீவரின் ரிமோட்தான்.

கேமரா பக்கவாட்டில் நகரும் காட்சியில் படம் லேசாகத் தத்தித் தத்திப் போனால் பெட்டி மெதுவாக இருக்கிறது என்று நினைக்க வேண்டாம். பெரும்பாலான படங்கள் நொடிக்கு 23.976 ஃபிரேம். அதை 60 ஹெர்ட்ஸில் (நொடிக்கு 60 முறை) காட்ட ஒரு ஃபிரேமை மூன்று முறையும் அடுத்ததை இரண்டு முறையும் காட்ட வேண்டியிருக்கிறது, தத்தல் அதனால்தான். கோடியில் ‘அட்ஜஸ்ட் டிஸ்ப்ளே ரெஃப்ரெஷ் ரேட்’ என்பதை ‘ஆன் ஸ்டார்ட்/ஸ்டாப்’ ஆக்குங்கள். டிவி 23.976-க்குப் போகாமல் சரியாக 24-இல் நின்றால், ஏறத்தாழ 42 நொடிக்கு ஒருமுறை ஒரு சின்ன வெட்டு தெரியும். வேகம் மாறும்போது திரை சில நொடி கறுத்துப் போகும், முதல் வசனம் காணாமல் போகும். ரெஃப்ரெஷ் ரேட் மாற்றத்தின்போது காத்திருக்கும் நேரத்தை 3 நொடிக்கு வைத்தால் தீர்ந்தது.

இதில் இன்னொரு மாங்காயும் விழுகிறது. எச்டிஎம்ஐ 2.0-இன் 18 ஜிபிபிஎஸ்ஸில் 4கே 60 ஹெர்ட்ஸ் 10-பிட் ஆர்ஜிபி அடங்காது. 24 ஹெர்ட்ஸுக்கு இறங்கினால் முழு நிறத்தோடு தாராளமாக அடங்கும். அதற்கு முன் டிவியின் மெனுவில் அந்த எச்டிஎம்ஐ உள்ளீட்டை மேம்பட்ட (‘என்ஹான்ஸ்டு’) வடிவத்துக்கு மாற்றியிருக்க வேண்டும். பல டிவிகளில் அது அணைந்தே வருகிறது. விண்டோஸில் எச்டிஆரை எப்போதும் இயக்கி வைத்தால் டெஸ்க்டாப் வெளிறிக் கிடக்கும். படம் பார்க்கும்போது மட்டும் விண்டோஸ் + ஆல்ட் + பி (B) அழுத்தி மாற்றிக்கொள்ளலாம். கறுப்பு சாம்பலாகத் தெரிந்தாலோ, இருட்டுக் காட்சியில் விவரமெல்லாம் மூழ்கினாலோ, ஆர்ஜிபி வரம்பில் (கறுப்புக்கும் வெள்ளைக்கும் தரும் எண்களில்) பிசி ஒன்றும் டிவி வேறொன்றும் எதிர்பார்க்கின்றன என்று பொருள். இரண்டிலும் 0-255 அல்லது இரண்டிலும் 16-235 என்று ஒன்றாக வையுங்கள். டால்பி விஷன் என்னும் எச்டிஆர் வகையை மட்டும் இந்தப் பெட்டிகளிடம் எதிர்பார்க்க வேண்டாம். அதன் ப்ரொஃபைல் 7 வகைக் கோப்புகள் சாதாரண எச்டிஆர்10 ஆக ஓடிவிடும், ப்ரொஃபைல் 5-க்கு அந்த அடித்தளம் இல்லாததால் முகங்கள் பச்சையும் ஊதாவுமாகத் தெரியும்.

டிவியை அணைத்துப் போட்டதும் விண்டோஸ் திரையே போய்விட்டதாக எடுத்துக்கொண்டு, ஒலியை ஸ்டீரியோவுக்கு மாற்றிவிடும் தொல்லையும் உண்டு. டிவி, ரிசீவர், கடைசியாகப் பிசி என்ற வரிசையில் இயக்கினாலே பாதி குறையும். தீராவிட்டால் ஈடிஐடி எமுலேட்டர் (டிவி எப்போதும் இணைந்திருப்பதாகப் பிசியை நம்பவைக்கும் குட்டிக் கருவி) ஒன்றை நடுவில் செருகலாம். சொந்தக் கோப்புகள் மட்டுமே பார்ப்பவர்கள் விண்டோஸுக்குப் பதில் லிப்ரெஎலெக் (கோடியை மட்டும் ஓட்டும் சிறிய லினக்ஸ்) போட்டுக்கொண்டால் இந்தப் பஞ்சாயத்தில் பெரும்பகுதி வராது, நள்ளிரவு அப்டேட்டும் கிடையாது. ஆனால் கட்டணத் தளங்கள் லினக்ஸ் உலாவிக்கு 4கே கொடுப்பதில்லை. அவற்றை டிவியின் ஆப்பிலேயே பார்ப்பதுதான் புத்திசாலித்தனம். விண்டோஸில் அதற்காக மல்லுக்கட்டுவது நேர விரயம்.

பெட்டியை டிவியின் முதுகில் மாட்டுவது பார்க்க அழகு, பயன்பாட்டில் தொல்லை. பேனலின் உலோகம் வைஃபையைத் தடுக்கும், இன்ஃப்ராரெட் ரிமோட்டின் ஒளி எட்டாது, டிவியின் சூடும் சேரும். 4கே ப்ளூரே கோப்பின் பிட்ரேட் உச்சத்தில் 100 எம்பிபிஎஸ்ஸைத் தாண்டும் என்பதால் கிகாபிட் ஈதர்நெட் வயரே போடுங்கள். வயர்லெஸ் கீபோர்டு அடிக்கடி எழுத்தை விழுங்கினால் பேட்டரியைக் குறை சொல்வதற்கு முன் அதன் டாங்கிளை (பிசியில் செருகும் குட்டி யூஎஸ்பி ரிசீவரை) பாருங்கள்: யூஎஸ்பி 3.0 போர்ட் 2.4 கிகாஹெர்ட்ஸில் இரைச்சல் கிளப்பும். அரை மீட்டர் எக்ஸ்டென்ஷன் வயரில் டாங்கிளைத் தள்ளி வைத்தால் சரியாகிவிடும்.

மின்விசிறிச் சத்தம் புதிதில் தெரியாது. ஆறேழு மாதத்தில் தூசி படிந்ததும் அமைதியான காட்சிகளில் ‘ஙொய்’ என்று கேட்கத் தொடங்கும். மூடியைக் கழற்றி, விசிறி சுழலாமல் விரலால் பிடித்துக்கொண்டு ஊதிச் சுத்தம் செய்யுங்கள். பிறகும் இரைந்தால் பயாஸில் பவர் லிமிட்டைச் சில வாட் குறைத்துவிடலாம், படம் பார்ப்பதில் எந்த வேறுபாடும் தெரியாது. படங்களை வைத்திருக்கும் வெளி ஹார்ட் டிஸ்க் தனி அடாப்டர் உள்ளதாக இருக்கட்டும். யூஎஸ்பி மின்சாரத்தையே நம்பும் டிஸ்க் நடுப்படத்தில் துண்டித்துக்கொண்டால், விண்டோஸ் பவர் அமைப்பில் ‘யூஎஸ்பி செலக்டிவ் சஸ்பெண்ட்’ என்பதை முதலில் அணைத்துப் பாருங்கள்.