படத்தில் இருந்தது மூலம், பெட்டியில் வந்தது நகலின் நகல்

1/24 அளவு (அசல் காரில் இருபத்து நான்கில் ஒரு பங்கு) கார் மாடல்களை ரெசின் உதிரிகள், அதாவது திரவப் பிளாஸ்டிக்கை அச்சில் ஊற்றி வார்த்த துண்டுகள், கொண்டு உருமாற்றுகிறவர்கள், அதிலும் காரின் பக்கங்களை அகலமாக்கிக் காட்டும் வைட்பாடி தொகுப்பை முதன்முறையாக இணையத்தில் வாங்கப் போகிறவர்கள், பணம் கட்டுவதற்கு முன் இதைப் படித்துவிட வேண்டும் என்று எழுதுகிறேன். பல ஆண்டுகளாக இந்த வேலையைச் செய்துவருகிற நானே ஏமாந்தேன் என்பதைச் சொல்லிக்கொள்வதில் எனக்குப் பெருமை ஒன்றுமில்லை.

என்னிடம் ஒரு ஸ்போர்ட்ஸ் காரின் பிளாஸ்டிக் கிட், நாமே ஒட்டிச் சேர்க்க வேண்டிய பாகங்களின் பெட்டி, பிரிக்கப்படாமல் இருந்தது. அதற்கென்று முன் பம்பர், இரண்டு பக்கப் பலகைகள், நான்கு சக்கர வளைவுகள், பின் ஸ்பாய்லர், நான்கு ரிம்கள், நீரில் நனைத்து ஒட்டும் படங்கள் கொண்ட ஒரு டீக்கால் தாள் ஆகியவை அடங்கிய ரெசின் தொகுப்பை ஒரு விற்பனையாளர் போட்டிருந்தார். படத்தில் பம்பரின் காற்று வழித் துளைகள்கூடக் கூர்மையாகத் தெரிந்தன. தொகுப்பின் விலை கிட்டின் விலையைவிட அதிகம். இருந்தாலும் அந்தக் கூர்மைக்குக் கொடுக்கலாம் என்று தோன்றியது.

பார்சல் வந்த அன்றிரவே நான் செய்த காரியத்தை முதலில் ஒப்புக்கொள்கிறேன். சக்கர வளைவுகளைப் பொருத்த வேண்டுமானால் கிட் பாடியின் பக்கவாட்டை வெட்டித்தான் ஆக வேண்டும். வெட்ட வேண்டிய கோட்டைக் காட்டும் ஒரு தாளும் உள்ளே இருந்தது. ரெசின் துண்டுகளை வைத்துப் பார்க்காமல், அந்தத் தாளை மட்டும் நம்பி, நான்கு வளைவுகளையும் வெட்டிவிட்டேன். மறுநாள் காலையில் பக்கப் பலகையை எடுத்து வைத்தபோது, அதன் பின்முனைக்கும் சக்கர வளைவுக்கும் நடுவில் விரல் நகம் நுழையும் அளவுக்கு இடைவெளி விழுந்தது.

வெர்னியர் காலிப்பரை எடுத்தேன். பலகை உட்கார வேண்டிய இடத்தின் நீளம் 72 மி.மீ.; பலகையோ 70.3 மி.மீ.தான் இருந்தது. 1/25 கிட்டுக்கான உதிரியை 1/24 என்று விற்றுவிட்டாரோ என்றுதான் முதலில் சந்தேகப்பட்டேன். இந்த இரண்டு அளவுகளையும் குழப்பி விற்பது வழக்கமாக நடப்பதுதான். 4.8 மீட்டர் நீளமுள்ள ஒரு கார் 1/24இல் 200 மி.மீ. வரும், 1/25இல் 192 மி.மீ. வரும், பெட்டியில் பார்த்தால் தெரியாத இந்த வித்தியாசம், பொருத்தும்போது சேராது. ஆனால் 1/25 என்றால் என் பலகை சுமார் 69.1 மி.மீ. இருந்திருக்க வேண்டும். இது இருபத்து நான்கிலும் சேரவில்லை, இருபத்தைந்திலும் சேரவில்லை.

விடை ரிம்களில் கிடைத்தது. உருப்பெருக்கியின் கீழ் வைத்துப் பார்த்தபோது, ஓர் ஆரத்தின் (ஸ்போக்கின்) அடியில், நட்டுக்குப் பக்கத்தில், கடுகில் பாதி அளவுக்கு ஒரு பரு தெரிந்தது. அடுத்த ரிம்மிலும் அதே ஆரத்தில் அதே பரு; நான்கிலும் அப்படியே. சிலிக்கோன் ரப்பர் அச்சில் ஒரு காற்றுக் குமிழ் சிக்கினால் வார்ப்பில் இப்படிப் பரு விழும். மூல மாதிரியைச் செதுக்கியவர் அதைச் சீவி எடுத்துவிட்டுத்தான் விற்பனைக்கு வார்ப்பார். யாரோ ஒருவர் பருவோடு கூடிய வார்ப்பு ஒன்றை வாங்கி, அதையே மாதிரியாக வைத்துப் புதிதாக அச்செடுத்து, நான்கு ரிம்களையும் வார்த்திருக்கிறார் என்றுதான் நான் கொள்கிறேன். ரெசின் இறுகும்போது சிறிது சுருங்கும். நல்ல தயாரிப்பாளர் அதைக் கணக்கில் வைத்தே மூலத்தைச் செய்வார். நகலிலிருந்து நகலெடுக்கும்போது ஒவ்வொரு முறையும் சுருக்கம் கூடிக்கொண்டே போகும், விளிம்பும் மழுங்கிக்கொண்டே போகும். என் பலகை இழந்த 1.7 மி.மீ. அப்படித்தான் போயிருக்க வேண்டும். பம்பரின் உட்புறத்தில் ஓரிடம் மட்டும் உப்புத்தாள் போட்டுத் தேய்க்கப்பட்டிருந்ததும், அங்கே இருந்த தயாரிப்பாளர் குறியை அழிக்கத்தான் என்று நினைக்கிறேன்.

உதிரிகளின் மேல் எண்ணெய்ப் பிசுக்கு இருந்ததை நான் குறையாகச் சொல்லவில்லை. அச்சிலிருந்து எடுப்பதற்குப் பூசும் பொருள் அது. பாத்திரம் தேய்க்கும் சோப்பு போட்டு வெதுவெதுப்பான நீரில் கழுவினால் போய்விடும். கழுவாமல் பிரைமர் என்ற அடிப்பூச்சை அடித்து, அது தோலாக உரிந்துவிட்டது என்று விற்றவரைத் திட்டுவது நியாயமில்லை.

டீக்கால் தாளுக்கு அந்தச் சலுகை தர முடியாது. சாதாரண இங்க்ஜெட்டில் அச்சிட்டு, மேலே வார்னிஷ்கூட அடிக்காமல் அனுப்பியிருந்தார். நீரில் போட்ட அரை நிமிடத்தில் சிவப்பு கரைந்து ஓடியது. அப்படிப்பட்ட இங்க்ஜெட்டில் நிறத்துக்கு அடியில் போட வெள்ளை மை கிடையாது என்பதால், கரையாமல் தப்பிய மஞ்சள் எழுத்துகளும் என் கருநீலப் பாடியின் மேல் ஒட்டியவுடன் கண்ணுக்கே தெரியாமல் போயின.

விற்பனையாளர் பேசிய விதம் இதைவிட மோசம். முதல் செய்திக்கு நான்கு நாள் கழித்துப் பதில் வந்தது: வெந்நீரில் போட்டால் சரியாகிவிடுமாம். வளைந்த ரெசினை வெந்நீரில் நனைத்து நிமிர்த்தலாம் என்பது உண்மைதான், ஆனால் குட்டையானதை நீட்ட முடியாது. காலிப்பரோடு படமெடுத்து அனுப்பினேன். உடனே குரல் மாறியது. மாற்றுத் தொகுப்பு அனுப்புவதாக, மிகுந்த மரியாதையோடு, ஒரு கண்காணிப்பு எண்ணும் தந்தார். அந்த எண் இரண்டு வாரங்கள் ‘விவரம் பதிவாகியுள்ளது’ என்ற வரியைத் தாண்டவே இல்லை. கேட்கும்போதெல்லாம் இன்னும் சில நாள் பொறுங்கள் என்றார், நானும் பொறுத்தேன். அந்த விற்பனைத் தளத்தில் வாங்குபவர் புகார் தருவதற்கான 30 நாள் கெடு முடிந்த மறுநாளிலிருந்து அவரிடமிருந்து ஒரு சொல்லும் வரவில்லை. அந்த மரியாதை எல்லாம் நாள் கடத்துவதற்காக என்பது அப்போதுதான் உறைத்தது. மாற்று வருவதாக இருந்தாலும் புகாரைப் பதிந்துவைத்திருக்க வேண்டும். பொருள் வந்தபின் புகாரைத் திரும்பப் பெற்றுக்கொள்ளலாம்.

இப்போது ஒரு தொகுப்பை வாங்குவதற்கு முன், வர்ணம் பூசாத உதிரியை, அனுப்பப்போகும் அதே துண்டை, அளவுகோலுக்குப் பக்கத்தில் வைத்து முன்னும் பின்னும் படமெடுத்துத் தரும்படி கேட்கிறேன். சொந்தமாக வார்க்கிறவர்கள் இதற்குச் சலித்துக்கொண்டு நான் பார்த்ததில்லை. மூலத்தை யார் செய்தது, டீக்காலில் வெள்ளை அடித்தளம் உண்டா என்றும் கேட்கிறேன். கைக்கு வந்தபின் எல்லாவற்றையும் கிட் பாடியின் மேல் டேப்பால் ஒட்டிப் பார்த்து, அளந்து முடித்த பிறகே கத்தியை எடுக்கிறேன்.

வெட்டிய பாடி இன்னும் பெட்டியில்தான் கிடக்கிறது. பாடி மட்டும் தனியாகக் கிடைக்காது. அந்தக் கிட்டும் இப்போது தயாரிப்பில் இல்லை. பிளாஸ்டிக் தகடும் புட்டியும் கொண்டு வளைவுகளை நானே எழுப்பிக்கொண்டிருக்கிறேன், இடப்பக்கம் முடிந்திருக்கிறது. அந்த விற்பனையாளரின் கடை மூடப்பட்டுவிட்டது, ஆனால் அதே படம் சென்ற வாரம் வேறொரு கடைப் பெயரில் வந்திருக்கிறது. படத்தைப் பெரிதாக்கிக் கீழ் வலது மூலையைப் பாருங்கள்: உண்மையான தயாரிப்பாளரின் முத்திரையை வெட்டி எடுத்தபோது தப்பிய அரை எழுத்து ஒன்று அங்கே இன்னும் ஒட்டிக்கொண்டிருக்கிறது.