திருத்து, மூடு, என்னை வெளியே விடு: மூன்று வழக்குகளை அருகருகே வைத்துப் பார்த்தால்

லோயிஸ் கர்ட்டிஸ் என்ற பெண்ணை அமெரிக்காவின் அட்லாண்டாவில் உள்ள ஜார்ஜியா வட்டார மருத்துவமனையின் மனநலப் பிரிவில் சேர்த்தது 1992 மே மாதம். அடுத்த மே மாதத்துக்குள் தேறிவிட்டார். ஊருக்குள் இருந்தபடியே இவர் சிகிச்சை பெறலாம் என்று அவரைக் கவனித்த மருத்துவக் குழுவே ஒப்புக்கொண்டது. அவர் வெளியே வந்தது 1996 பிப்ரவரியில். நடுவில் போனது இரண்டேமுக்கால் வருஷம். போய் இருக்க இடம் ஒதுக்கவில்லை, அவ்வளவுதான் காரணம்.

இந்த இரண்டேமுக்கால் வருஷத்தைச் சட்டத்தின் மொழியில் என்னவென்று சொல்வது? சரியான சிகிச்சை தராத குற்றமா, சட்டவிரோதக் காவலா, பாகுபாடா? மனுவில் எந்தப் பெயரை எழுதுகிறோமோ அதற்கேற்ற தீர்ப்புதான் கிடைக்கும். இயலாமையோடு வாழ்பவர்களுக்காக வாதாடிய அமெரிக்க வழக்கறிஞர்கள் முப்பது ஆண்டுகளில் மூன்று பெயர்களைப் போட்டுப் பார்த்திருக்கிறார்கள்.

முதல் பெயர்: சிகிச்சை உரிமை. அதாவது மருத்துவமனையைத் திருத்து. அலபாமாவின் டஸ்கலூசா நகரில் பிரைஸ் மருத்துவமனை, உள்ளே 5,000 பேருக்கு மேல். 1970-இல் சிகரெட் வரி வசூல் குறைந்தது என்று சொல்லி நூறு ஊழியர்கள்வரை வேலையை விட்டு நிறுத்தினார்கள். வழக்கு ஆரம்பித்ததே அந்த ஊழியர்களுக்காகத்தான். அப்புறம்தான் நோயாளிகளின் பெயர் மனுவில் ஏறியது, அதிலும் முதலில் வந்தது ரிக்கி வயாட் என்ற 15 வயதுப் பையன். அவனுக்கு மனநோயே கிடையாது. அடங்காத பிள்ளை என்று கொண்டுவந்து விட்டிருந்தார்கள். எதிர்த்தரப்பில் மாநில மனநல ஆணையர் ஸ்டோன்வால் ஸ்டிக்னி. ஸ்டோன்வால் என்றால் கல்சுவர். இதை நான் கற்பனை செய்து எழுதியிருந்தால் யாரும் நம்பமாட்டார்கள்.

நீதிபதி ஃபிராங்க் ஜான்சன் 1971-இல் சொன்னது எளிமையானது: சிகிச்சைக்கென்று ஒருவரை அடைத்துவைத்தால் சிகிச்சை தந்தாக வேண்டும், அது அரசமைப்பு தரும் உரிமை. அடுத்த ஆண்டு ஒரு பட்டியலே போட்டார். 8 பேருக்கு ஒரு கழிப்பறை, 15 பேருக்கு ஒரு குளியலிடம், ஒரு அறையில் 6 பேருக்கு மேல் கூடாது. இத்தனை நோயாளிக்கு இத்தனை ஊழியர் என்பதுவரை கணக்கு இருந்தது. வழக்கு முடிந்தது 2003-இல். 33 ஆண்டுகள்!

இந்த வழியைக் குறைத்துச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. நாற்றத்திலும் அடிதடியிலும் கிடந்தவர்களுக்கு ஒரு கழிப்பறை பெரிய விஷயம். ஆனால் மனு கேட்டது நல்ல மருத்துவமனையை, கிடைத்ததும் மருத்துவமனைதான். அதிலும் ஊழியர் விகிதத்தை எட்ட இரண்டு வழி உண்டு: ஊழியரைக் கூட்டலாம், நோயாளியைக் குறைக்கலாம். இரண்டாவதில் செலவு குறைவு. அப்படிக் குறைக்கப்பட்டவர்களில் பலர் போய்ச் சேர்ந்தது முதியோர் பராமரிப்பு விடுதிகளில். அவர்கள் எங்கே போகிறார்கள் என்பது அந்தப் பட்டியலின் கவலையாக இருக்கவில்லை.

இரண்டாவது வழி, மூடு. பென்சில்வேனியாவில் 1908-இல் திறந்த பென்ஹர்ஸ்ட் காப்பகம், அறிவுத்திறன் குறைபாடு உள்ளவர்களுக்கானது. 1974-இல் வழக்குப் போட்டவர் டேவிட் ஃபெர்லெகர் என்ற இளம் வழக்கறிஞர். பிறகு சேர்ந்துகொண்ட தாமஸ் கில்ஹூல், அறிவுத்திறன் குறைபாடுள்ள பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடக் கதவைத் திறந்த வழக்கை ஏற்கெனவே நடத்தியவர். 1977 டிசம்பரில் நீதிபதி ரேமண்ட் பிராடரிக் சொன்ன முடிவு அலபாமாவைத் தாண்டியது. இந்த இடத்தைத் திருத்த முடியாது, தனியே ஒதுக்கி வைப்பதே தப்பு, எல்லோரையும் ஊருக்குள் குடியமர்த்துங்கள் என்றார்.

அதற்கு மேலே போனதும் கால் இடறியது. 1981-இல் உச்ச நீதிமன்றம், நீங்கள் காட்டும் மத்தியச் சட்டம் ஒரு விருப்பத்தைத்தான் சொல்கிறது, உரிமை எதையும் தரவில்லை என்றது. 1984-இல் ஐந்துக்கு நான்கு என்ற கணக்கில், மாநிலச் சட்டத்தைப் பின்பற்றும்படி மாநில அதிகாரிகளுக்கு உத்தரவிட மத்திய நீதிமன்றத்துக்கு அதிகாரம் இல்லை என்றது. இரண்டு தோல்வி. ஆனாலும் சமரச ஒப்பந்தம் போடப்பட்டு, 1987-இல் பென்ஹர்ஸ்ட் மூடப்பட்டது. சட்டத்தில் தோற்று ஊரில் ஜெயித்த வழக்கு இது.

இங்கே கொஞ்சம் நிற்க வேண்டும். பெற்றோர்களில் பெரும்பாலானவர்கள் மூடக்கூடாது என்றார்கள். காப்பக ஊழியரும் பெற்றோரும் சேர்ந்து சங்கம் வைத்து எதிர்த்தார்கள். 'நாங்கள் போனபிறகு யார் பார்ப்பது?' என்ற கேள்வி, இந்தியாவில் எந்தப் பெற்றோர் கூட்டத்துக்குப் போனாலும் காதில் விழுவதுதான். 1978-இல் அங்கே இருந்த 1,154 பேரை ஆய்வாளர்கள் ஆண்டுக்கணக்கில் பின்தொடர்ந்தார்கள். சாப்பிடுவது, உடுத்துவது, தன் வேலையைத் தானே செய்வது என எல்லாவற்றிலும் வெளியே போனவர்கள் முன்னேறியிருந்தார்கள். எதிர்த்த குடும்பங்களில் பெரும்பாலானவை பின்னால் மனம் மாறின. வழக்கறிஞர்களின் வாதத்தைவிட இந்த எண்கள்தான் அடுத்த காப்பகங்களை மூட உதவின என்பேன்.

மூன்றாவதுதான் கர்ட்டிஸ் வழக்கு. அட்லாண்டா சட்ட உதவிச் சங்கத்தின் வழக்கறிஞர் சூ ஜேமிசன் 1995-இல் தொடுத்தது. சக வாதி எலைன் வில்சன். முன்னிரண்டோடு வைத்துப் பார்க்கும்போது கண்ணில் படுவது அளவுதான். வயாட் வழக்கிலும் பென்ஹர்ஸ்டிலும் ஆயிரக்கணக்கான பேர், இங்கே இரண்டே பெண்கள். கேட்டதும் கழிப்பறைக் கணக்கோ கட்டடத்தை மூடுவதோ இல்லை. உங்கள் மருத்துவரே போகலாம் என்கிறார், நானும் போகிறேன் என்கிறேன், ஆனாலும் உள்ளேதான் சிகிச்சை என்றால் அது பாகுபாடு என்பதே வாதம். 1990-இன் இயலாமையுடைய அமெரிக்கர் சட்டமும், அவரவர் தேவைக்கேற்ப மற்றவர்களோடு அதிகம் கலந்திருக்கக்கூடிய இடத்தில் சேவை தர வேண்டும் என்ற அதன் விதியும் ஆதாரம்.

வில்சனுக்கு நடந்ததைத் தீர்ப்பிலேயே படிக்கலாம். 1995-இல் மருத்துவமனை அவரை வெளியே அனுப்ப முடிவுசெய்தது. எங்கே? வீடற்றோர் தங்கும் கூடத்துக்கு! வழக்கறிஞர் புகார் கொடுத்தபிறகுதான் அதைக் கைவிட்டார்கள். வெளியே விடு என்ற கோரிக்கை மட்டும் மனுவில் இருந்திருந்தால் அந்தக் கூடமே அதை நிறைவேற்றியதாக ஆகியிருக்கும்.

1999 ஜூன் 22, அமெரிக்க உச்ச நீதிமன்றம் ஆறுக்கு மூன்று என்ற கணக்கில் அந்தப் பெண்கள் பக்கம் நின்றது. நீதிபதி ரூத் பேடர் கின்ஸ்பர்க் எழுதிய தீர்ப்பு இரண்டு காரணம் சொல்கிறது. ஒருவரைத் தேவையில்லாமல் ஒதுக்கி வைத்தால், ஊரோடு வாழ அவருக்குத் தகுதியில்லை என்ற நினைப்பு ஊருக்குள் உறுதிப்படும். அவருக்கோ குடும்பம், நட்பு, வேலை, படிப்பு எல்லாம் சுருங்கும். பணமில்லை என்ற மாநிலத்தின் புலம்பலுக்கு எதிராக ஒரு சின்னக் கணக்கும் தீர்ப்பில் உண்டு: வீட்டிலிருந்தே சேவை பெற மத்திய அரசு ஜார்ஜியாவுக்கு அனுமதித்தது 2,109 இடங்கள், மாநிலம் பயன்படுத்தியது 700.

வழக்கு அந்தக் கட்டத்துக்கு வந்ததில் வெளிவேலையும் உண்டு. ஜார்ஜியாவுக்கு ஆதரவாக ஆரம்பத்தில் இருபதுக்கும் மேற்பட்ட மாநிலங்கள் நின்றன. இயலாமையோடு வாழும் செயல்பாட்டாளர்கள் மாநிலத் தலைநகர்களில் போய் உட்கார்ந்து கேள்வி கேட்க, கடைசியில் மிஞ்சியவை 7.

சரி, ஓட்டை இல்லையா? மூன்று இருக்கின்றன. மருத்துவர் தகுதி சொல்ல வேண்டும். இது எனக்கு உறுத்துகிறது. ஊரில் குடியிருக்க நம்மில் யாரும் மருத்துவச் சான்று வாங்குவதில்லை. அந்த நபர் மறுக்காதிருக்க வேண்டும், அது நியாயம். மூன்றாவது, மாநிலத்தின் வசதியையும் பார்க்க வேண்டும். காத்திருப்போர் பட்டியல் நியாயமான வேகத்தில் நகர்ந்தால் போதும் என்றது நீதிமன்றம். நியாயமான வேகம் என்றால் எத்தனை மாதம் என்று எங்கும் எழுதவில்லை. ஏழைகளுக்கான அரசு மருத்துவ உதவியான மெடிக்கெய்டு திட்டத்தில் முதியோர் பராமரிப்பு விடுதிச் செலவை ஏற்பது மாநிலத்துக்குக் கட்டாயம், வீட்டிலிருந்தே பெறும் சேவையில் பெரும்பகுதி விருப்பத்துக்கு விடப்பட்டது. அந்தச் சேவைக்கான காத்திருப்போர் பட்டியல்களில் 2024-இல் சுமார் 7 லட்சம் பேர் இருந்தார்கள். ஜார்ஜியாவே 2010-இல்தான் மத்திய நீதித் துறையோடு ஒப்பந்தம் போட்டு, மனநல மருத்துவமனைகளை நம்பியிருந்த ஆயிரக்கணக்கானவர்களுக்கு ஊருக்குள் சேவை தர ஒப்புக்கொண்டது.

நான்காவதாக ஐரோப்பா ஒரு பெயர் வைத்தது: சட்டவிரோதக் காவல். பல்கேரியாவின் ரூசி ஸ்டானெவைக் காப்பாளர் கையெழுத்தில் 2002-இல் மலைப்பக்கத்துக் காப்பகம் ஒன்றில் விட்டார்கள். மனித உரிமைகளுக்கான ஐரோப்பிய நீதிமன்றம் 2012-இல் அவர் பக்கம் தீர்ப்புச் சொல்லி 15,000 யூரோ இழப்பீடும் தந்தது. ஊரில் வாழும் உரிமை தனியாக உண்டா என்பதற்குள் அது போகவில்லை. காவல் தப்பு என்றால் கதவு திறக்கும், வீடு தானாக வராது.

நம் பக்கம் வந்தால் கணக்கு விசித்திரமாக இருக்கிறது. 2001 ஆகஸ்ட் 6 விடியற்காலை ஏர்வாடியின் மனநலக் காப்பகம் ஒன்றில் சங்கிலியோடு எரிந்துபோனவர்கள் 28 பேர். உச்ச நீதிமன்றம் தானாகவே வழக்கை எடுத்தது. தந்த உத்தரவுகளில் முக்கியமானது, ஒவ்வொரு மாநிலத்திலும் அரசு மனநல மருத்துவமனை ஒன்றாவது இருக்க வேண்டும் என்பது. கொட்டகையில் கட்டிவைத்ததற்கு மாற்றாக மருத்துவமனைக் கட்டடம். அலபாமாவின் வழிதான். அன்றைய அதிர்ச்சியில் வேறு எதிர்பார்க்க முடியாது என்பதும் உண்மை.

ஆனால் எழுத்தில் இன்று அமெரிக்காவை நாம் தாண்டிவிட்டோம். இயலாமையோடு வாழ்பவர்களின் உரிமைகளுக்கான ஐ.நா. உடன்படிக்கையை இந்தியா 2007-இல் ஏற்றது. அமெரிக்கா 2009-இல் கையெழுத்துப் போட்டதோடு சரி, 2012-இல் செனட் சபையில் அது தேறவில்லை. நம் மனநலப் பராமரிப்புச் சட்டம் 2017-இன் 19-வது பிரிவு, குடும்பம் இல்லை, குடும்பம் ஏற்கவில்லை, வீடில்லை, ஊருக்குள் வசதி இல்லை என்ற காரணங்களால் மட்டும் ஒருவரை மனநல நிலையத்தில் வைத்திருக்கக்கூடாது என்கிறது. இந்த வரி 1993-இல் ஜார்ஜியாவில் இருந்திருந்தால் கர்ட்டிஸுக்கு வழக்கே தேவைப்பட்டிருக்காது. அதே பிரிவின் மூன்றாவது பகுதியில் இடைநிலை இல்லங்களையும் குழு இல்லங்களையும் அரசு நியாயமான காலத்துக்குள் ஏற்படுத்த வேண்டும் என்று வருகிறது. நியாயமான வேகம், நியாயமான காலம்: இரண்டு நாட்டிலும் ஓட்டை ஒரே இடத்தில்தான்.

வழக்கிலும் ஒரு வித்தியாசம். கர்ட்டிஸ் தன் வழக்கின் வாதி. நம்மிடம் பெரிய வழக்கு என்றால் கௌரவ் குமார் பன்சால் என்ற வழக்கறிஞர் தொடுத்த பொதுநல வழக்கு. உத்தரப் பிரதேச மருத்துவமனைகளில் குணமாகியும் கிடந்த சுமார் 300 பேருக்காகப் போட்டது. 2017-இல் மாநிலங்கள் மறுவாழ்வு இல்லங்கள் அமைக்க உத்தரவு வந்தது. அதற்கு மகாராஷ்டிரம் செய்தது என்ன? குணமானவர்களைப் பிச்சைக்காரர் இல்லங்களுக்கு மாற்றியது. உத்தரப் பிரதேசம் முதியோர் இல்லங்களுக்குப் பெயர்ப்பலகை மாற்றியது. 2021-இல் நீதிமன்றம் கடிந்துகொண்டது. எலைன் வில்சனுக்கு 1995-இல் நடக்க இருந்த அதே கதை, இம்முறை இன்னும் பெரிய எண்ணிக்கையில். வில்சனுக்குப் புகார் எழுத ஒரு வக்கீல் இருந்தார். பொதுநல வழக்கில் அந்த 300 பேருக்கு அவரவர் வக்கீல் இல்லை.

ஒன்றைத்தான் எடுக்கலாம் என்றால் நான் கர்ட்டிஸ் வழியை எடுப்பேன், ஒரு திருத்தத்தோடு. மனுதாரர் உள்ளே இருப்பவராகவே இருக்க வேண்டும், மருத்துவர் சான்றை மனுவின் முதுகெலும்பாக்கக்கூடாது. பிரிவு 19 இருக்கும்போது அதற்குத் தேவையும் இல்லை. மனுவின் கடைசிப் பக்கத்தில் எந்தத் தெரு, யாரோடு, மாத வாடகை எவ்வளவு, உதவியாளர் சம்பளம் எவ்வளவு, எந்தத் தலைப்பில் அரசு தர வேண்டும் என்பது வரவேண்டும். இது கற்பனை இல்லை. சென்னையின் தி பானியன் அமைப்பு 2015 முதல் நடத்தும் 'ஹோம் அகெய்ன்' திட்டத்தில், ஆண்டுக்கணக்கில் மனநல நிலையங்களில் இருந்தவர்கள் நாலைந்து பேராகச் சேர்ந்து சாதாரணத் தெருக்களில் வாடகை வீட்டில் குடியிருக்கிறார்கள், துணைக்கு உதவியாளரோடு. வக்கீல் காட்ட வேண்டிய ரசீதுகள் அங்கே இருக்கின்றன.

கர்ட்டிஸ் வெளியே வந்து ஓவியரானார். 2011 ஜூனில் வெள்ளை மாளிகைக்குப் போய்த் தன் படம் ஒன்றை ஒபாமாவுக்குக் கொடுத்தார். 2022 நவம்பரில், அட்லாண்டாவை ஒட்டிய கிளார்க்ஸ்டனில், தன் வீட்டில் இறந்தார்.