பழைய புத்தகம் மறுபதிப்புன்னு வந்தா உள்பக்கம் பாக்காம காசு போடாதீங்க

நம்ம ராம்நாடு பக்கத்து வாட்ஸ்அப் குரூப்ல எல்லாம் ஒரு விளம்பரம் சுத்திட்டு இருக்கு, சேது கடற்கரை பத்தின அந்தக் காலத்துப் புத்தகம், எங்கயும் கிடைக்காது, கெட்டி அட்டை, 450 ரூபா, கொரியர் தனின்னு. எங்க அம்மாச்சி தனுஷ்கோடில பொறந்து வளந்து புயலுக்கு அப்புறம் தங்கச்சிமடத்துக்கு வந்தவங்க, அதனால அந்த ஊர பத்தி எழுத்துல எது வந்தாலும் வாங்கிருவேன், இதையும் உடனே காசு அனுப்பி வாங்குனேன். பதிப்பகம் பேர் இங்க போடல, ஏன்னா இந்த வேலைய அவங்க மட்டும் செய்யல.

அட்டை நல்லாத்தான் இருக்கு. உள்ள தொறந்தா தனுஷ்கோடி "தனுஷ்கேரடி"ன்னு இருக்கு, பாம்பன் "பரம்பன்", தொண்டி "தெரண்டி", தோணி "தேரணி". பழைய புத்தகத்த ஸ்கேன் பண்ணி கம்ப்யூட்டர்ல எழுத்தா மாத்துறப்ப துணைக்கால் (ா) பல இடத்துல ர ஆயிரும், அது எல்லாருக்கும் தெரிஞ்ச கோளாறு, அதுக்குத்தான் ஒரு மனுஷன் உக்காந்து மூலத்தோட ஒப்பிட்டுப் படிக்கணும்.

மீன் பேரு வர்ற அத்தியாயம்தான் ரொம்ப கொடுமை. 1978ல எழுத்துச் சீர்திருத்தம் வர்றதுக்கு முன்னாடி ணா, றா, னா, ணை, லை, ளை, னை எல்லாத்துக்கும் தனி உருவம் இருந்துச்சுல்ல, ஐகாரத்துக்கு யானைத் துதிக்கை மாதிரி மேல ஒரு கொம்பு வச்சிருப்பாங்க, இந்தப் புத்தகம் அதுக்கு முன்னாடி அச்சானது, மெஷினுக்கு அந்த எழுத்து பிடிபடல. சுறா "சுற" ஆயிருச்சு, இறால் "இறல்", சாளை "சாள", வலை "வல", பனை "பன". யோசிச்சுப் பாருங்க, நம்ம கரையில வலையும் இறாலும் சாளையும் பனையும் இல்லாம ஒரு பக்கம் எழுத முடியுமா? அதனால ஒரு பக்கம் கூட தப்பல. மண்டபத்துல வலை பின்னுற ஒரு மாமாகிட்ட காட்டுனேன், நாலு வரி வாசிச்சுட்டு "இது எந்த ஊர்க் கடல்டா"ன்னு கேட்டாரு.

எழுத்தாவது பரவால்ல, ஊகிச்சுப் படிச்சுக்கலாம். வருஷம் தப்பா இருந்தா? தனுஷ்கோடிய கடல் கொண்டு போனது 1964 டிசம்பர் 22 ராத்திரி, புத்தகத்துல 1946. பாம்பன் ரயில் பாலம் தொறந்தது 1914, இதுல 1941. தங்கச்சி மக ஸ்கூல் கட்டுரைக்கு இதப் பாத்துத்தான் 1946ன்னு எழுதிருக்கா, நான் சொன்னா "மாமா புக்குலயே அப்படித்தான போட்டிருக்கு"ங்குறா. அம்மாச்சி உசுரோட தப்பி வந்த ராத்திரிய அவங்க பேத்தியோட மக பதினெட்டு வருஷம் முன்னாடி தள்ளி எழுதுறா, எனக்கு அது தாங்கவே முடியல.

போன் போட்டேன். "சார் படிச்சா புரியுதுல்ல, அடுத்த பதிப்புல பாத்துக்கலாம்"னாங்க. சரி, பிழைதிருத்தம்னு ஒரு தாளாவது அடிச்சுக் குடுங்கன்னேன், முன்னாடி எல்லாம் புத்தகத்தோட கடைசில ஒட்டித் தருவாங்க, அதுவும் கிடையாதாம். தம்பி பையன் விளையாடுற கேம்ல ஒரு தப்பு வந்தா அந்தக் கம்பெனிக்காரன் அப்டேட் விட்டு சரி பண்ணுறான், காசு குடுத்து வாங்குன புத்தகத்துக்கு ஒரு தாள் கூட இல்ல. ரிட்டர்னும் கிடையாதுன்னு போன வச்சுட்டாங்க.

இதே ராமநாதபுரத்துல பொறந்த பாண்டித்துரைத் தேவர், 1901ல மதுரைத் தமிழ்ச் சங்கத்த நிறுவுனவரு, திருக்குறள திருத்துறேன்னு தப்பும் தவறுமா ஒருத்தர் அச்சடிச்சத மொத்தமா காசு குடுத்து வாங்கி எரிச்சுட்டாருன்னு நம்ம ஊர்ல சொல்லுவாங்க. அப்படிப்பட்ட மண்ணுக்கே இப்படி ஒரு புத்தகத்த விக்கிறாங்க.

வாங்குறதா இருந்தா முதல்ல நடுப்பக்கம் ரெண்டு மூணு போட்டோ கேளுங்க, அட்டை போட்டோ வேண்டாம். ஊர் பேரு, மீன் பேரு, வருஷம், இந்த மூணயும் பாருங்க. முன்பக்கத்துல மெய்ப்பு பாத்தவர், அதாவது அச்சுப்பிழை திருத்துனவர் பேர் இருக்கான்னு பாருங்க, பழைய தமிழ் நூல்கள இணையத்துல ஓசியா ஏத்துற மதுரைத் திட்டத்துல காசு வாங்காம வேலை செய்யுறவங்களே யார் தட்டச்சு பண்ணுனா யார் பிழை பாத்தான்னு மேலயே போடுறாங்க. பழைய பதிப்போட ஸ்கேன் தமிழ் இணையக் கல்விக்கழகத்து மின்னூலகத்துல ஓசியாவே நிறைய கிடக்கு, அங்க தேடிட்டு அப்புறம் காச எடுங்க.

ஏற்கனவே வாங்கி மாட்டிக்கிட்டவங்க பில்லு, விளம்பர ஸ்கிரீன்ஷாட், தப்பான பக்கத்தோட போட்டோ மூணயும் வச்சுக்கிட்டு நுகர்வோர் உதவி எண் 1915க்கு அடிங்க. பொருள் குறையா இருந்தா, இல்ல சொன்ன மாதிரி இல்லன்னா, திருப்பி எடுக்க மாட்டேன்னு ஆன்லைன்ல விக்கிறவங்க சொல்லக்கூடாதுன்னு 2020 விதியே இருக்கு. நான் புகார் குடுத்துட்டேன், நம்பர் வந்திருக்கு, பதில் வந்ததும் கீழ போடுறேன்.