முன் இருக்கைக் காற்றுப்பையை நிறுத்தும் சாவித் துளை: ஏழாம் தலைமுறை கோல்ஃபில் எங்கள் அனுபவம்

பிரிட்டனில் நாங்கள் பயன்படுத்திய காராக வாங்கிய ஏழாம் தலைமுறை வோக்ஸ்வாகன் கோல்ஃபில், பின் இருக்கையை மூத்த பிள்ளைகள் இருவரும் அம்மம்மாவும் நிரப்பிவிடுவதால், கைக்குழந்தையைச் சில பயணங்களில் முன்னால்தான் வைக்க வேண்டியிருந்தது. பின்நோக்கிய குழந்தை இருக்கையை முன்னால் பொருத்துவதானால் அங்குள்ள காற்றுப்பையை (ஏர்பேக்) நிறுத்தியே ஆக வேண்டும் என்பது பிரிட்டனின் சட்டம். அந்த இருக்கையின் முதுகுப்பகுதி டேஷ்போர்டை ஒட்டியே நிற்கிறது. விபத்தில் கண் இமைக்கும் நேரத்துக்குள் விரியும் பை அதன்மேல் மோதினால், அந்த அடி குழந்தையின் தலைக்கும் கழுத்துக்கும் நேராகப் போய்ச் சேரும். வெயில் மறைப்பில் எச்சரிக்கைப் படம் ஒட்டப்பட்டிருப்பது இதற்காகவே.

காற்றுப்பையை நிறுத்தும் சுவிட்ச் எங்கே இருக்கிறது என்பதை விற்றவர் காட்டவில்லை. சில கார்களில் பயணியின் கதவைத் திறந்தால் டேஷ்போர்டின் பக்கவாட்டில் தென்படும் இது, எங்கள் காரில் குளோவ் பாக்ஸுக்குள் இருக்கிறது. இக்னிஷனை அணைத்துவிட்டு, மடக்குச் சாவியின் உலோகப் பகுதியை விரித்து, சுவிட்சின் துளைக்குள் தடை தெரியும்வரை செலுத்தி, ஆஃப் நிலைக்கு மென்மையாகத் திருப்ப வேண்டும். சாவியின் முழு நீளமும் உள்ளே போகாது. அதை அறியாமல் அழுத்தினால் துளை கெட்டுவிடலாம். திருப்பிய பின் சாவியை எடுத்துவிட வேண்டும். சாவி இல்லாமல் திருப்ப முடியாது என்பதால் பிள்ளைகள் விளையாட்டாகத் தொட்டு மாற்றிவிடும் பயமில்லை. எனக்கு மிகவும் பிடித்த அம்சம் இதுதான்.

ஆனால் துளையின் நிலையைப் பார்த்து மட்டும் நம்பக் கூடாது. இக்னிஷனைப் போட்ட பிறகு, ‘பாசெஞ்சர் ஏர்பேக் ஆஃப்’ என்ற மஞ்சள் விளக்கு தொடர்ந்து எரிகிறதா என்று பார்த்த பின்பே குழந்தையை அமர்த்துகிறோம். அது எரியாவிட்டால் பை இன்னும் செயலில் இருக்கலாம். அப்படியானால் குழந்தையைப் பின்னால் மாற்றிவிட்டுக் காரைப் பரிசோதனைக்குக் கொண்டுபோவதே சரி.

கையால் திருப்பும் இத்தகைய சுவிட்சுகளுக்குப் பொதுவான குறை ஒன்று உண்டு. அமெரிக்கக் கார்களில் இருக்கையிலுள்ள உணரியே அமர்ந்திருப்பவரைக் கணித்துப் பையை நிறுத்தவோ இயக்கவோ செய்கிறது. இங்கே அந்தப் பொறுப்பு முழுவதும் நம்முடையது. குழந்தை இருக்கையைக் கழற்றிய பிறகு பெரியவர் ஒருவர் முன்னால் அமர்ந்தால், பையை மறுபடி இயக்கி வைக்காதவரை அவருக்கு அந்தப் பாதுகாப்பு கிடையாது. அம்மம்மா முன்னால் அமர்ந்து போன ஒரு நாளில் பாதி வழியில்தான் மஞ்சள் விளக்கைக் கவனித்தேன். உடனே ஓரமாக நிறுத்தித் திருப்பினேன். அன்றிலிருந்து குழந்தை இருக்கையின் கைப்பிடியில் ஒரு சிவப்பு நாடா கட்டியிருக்கிறோம். இருக்கையைக் கழற்றுபவர் யாரானாலும், சாவியைத் திருப்பி விளக்கு அணைந்ததைப் பார்த்த பிறகே அந்த நாடாவை அவிழ்க்கிறார்.