கோவையில் பழைய ரோபோ வேக்குவம் வாங்கப் போகும் எல்லையோரத்து வீட்டார் கவனத்துக்கு

கொழிஞ்சாம்பாறை, வேலந்தாவளம், கோபாலபுரம், பாலக்காட்டுச் சித்தூர்ப் பக்கம் இருக்கும் நம்மவர்கள் பலர் வீட்டுப் பொருள் வாங்கக் கோவைக்குத்தான் போகிறோம். பழைய மின்னணுப் பொருள்களைப் "புதுப்பித்து" விற்கும் கடைகளும் இப்போது அங்கே பெருகிவிட்டன. அப்படிப்பட்ட ஒரு கடையில், "புத்தம்புதிய பேட்டரி, ஆறு மாத வாரண்டி" என்ற வாக்குறுதியோடு 9,500 ரூபாய்க்கு எனக்கு, தானாக நகர்ந்து தரைத் தூசியை உறிஞ்சும் ஒரு ரோபோ வேக்குவம் கிளீனரை விற்றார்கள். உள்ளே இருந்தது பழைய செல்களை (சிறு மின்கலங்களை) கட்டி ஒட்டிய பேட்டரி. மோட்டாரோ முன்பே ஒருமுறை தண்ணீர் புகுந்தது. கேட்கப் போனபோது, நான் கேரளத்தில் குடியிருப்பதையே காரணம் காட்டித் திருப்பி அனுப்பிவிட்டார்கள். இன்னொரு வீட்டில் இது நடக்கக் கூடாது என்பதற்காகத்தான் விரிவாக எழுதுகிறேன்.

வாங்கியது அம்மாவுக்காக. முழங்கால் தேய்மானத்தால் அவரால் குனிந்து பெருக்க முடியவில்லை. கட்டிலுக்கு அடியில் தூசி இருக்கிறது என்று தெரிந்தும் பேசாமல் உட்கார்ந்திருக்க அவரால் முடியாது. மார்கழி, தை மாதங்களில் பாலக்காட்டுக் கணவாய்க் காற்று கிழக்கிலிருந்து வறண்டு வீசும்போது ஓட்டு வீட்டில் காலையில் பெருக்கிய இடம் மதியத்துக்குள் மண்ணாகிவிடும். புதிய இயந்திரம் எங்கள் கைக்கு எட்டாத விலையில் இருந்தது.

கடையில் பளபளப்பான டைல்ஸ் தரையில் காகிதத் துணுக்குகளைப் போட்டுச் சில நிமிடம் ஓட்டிக் காட்டினார்கள். எல்லாவற்றையும் உறிஞ்சியது. "அக்கா, பேட்டரி மாற்றிவிட்டோம். நீங்கள் கவலையே பட வேண்டாம்" என்றார் விற்றவர். அதையே வாட்ஸ்அப்பிலும் எழுதி அனுப்பினார். ரசீது கேட்டேன். ஜிஎஸ்டி எண் இல்லாத, கையால் எழுதிய ஒரு மதிப்பீட்டுச் சீட்டைக் கொடுத்து, "பில் பிறகு அனுப்புகிறோம்" என்றார். அந்த பில் இன்றுவரை வரவில்லை.

வீட்டில் பொத்தானை அழுத்தியதும் அது சீன மொழியில் பேசியது. சீனச் சந்தைக்காகச் செய்த இயந்திரம் என்பதைக் கடையில் யாரும் சொல்லவில்லை. சொல்லியிருக்க வேண்டும். ஏனென்றால் அத்தகைய மாதிரிகள் பலவற்றில் அவற்றை இயக்கும் கைபேசிச் செயலியின் நாடு சீனா என்று வைத்தால்தான் இணைப்பே கிடைக்கும். அப்படி மாற்றியபோது வேறொரு தடை வந்தது: இந்தச் சாதனம் வேறொருவரின் கணக்கில் இணைந்திருக்கிறது, அவர் விடுவிக்க வேண்டும் என்றது செயலி. கடைக்குத் தொலைபேசியில் சொன்னேன். "செயலி எதற்கு? பொத்தானை அழுத்தினால் ஓடுமே" என்றார்கள். ஓடும்தான். ஆனால் செயலி இல்லாமல் வீட்டின் வரைபடம் கிடையாது, 'இந்த அறைக்குள் போகாதே' என்று கோடு போட முடியாது, உறிஞ்சும் வேகத்தை விருப்பப்படி மாற்ற முடியாது. எந்த வசதிகளைச் சொல்லி விலை வைத்தார்களோ அவை எல்லாமே செயலியில் இருந்தன.

அடுத்ததாக, முன்னறையைக்கூட முடிக்காமல் நடுவில் நின்றது. முழுக்கச் சார்ஜ் ஏற்றிவிட்டாலும் கால் மணி நேரம் தாண்டவில்லை. சார்ஜ் ஏறும் இடத்துக்குத் தானாகத் திரும்பிப் போக வேண்டிய இயந்திரம் சோபாவுக்கு அடியில் செத்துக் கிடக்கும். அதை இழுத்து எடுக்க அம்மா குனிவார். எந்த வேலையைத் தவிர்க்க வாங்கினோமோ அதே வேலையை அது அவருக்குக் கொடுத்ததுதான் எனக்குப் பொறுக்கவில்லை.

மீண்டும் கடையை அழைத்தபோது வந்த பதில் இது: "வாரண்டி தமிழ்நாட்டுக்குள் மட்டும்தான் அக்கா. நீங்கள் வேலந்தாவளம் செக்போஸ்ட்டைத் தாண்டிக் கொண்டுபோய்விட்டீர்கள்." விற்கும்போது இந்த நிபந்தனையைச் சொல்லவில்லை. சீட்டிலும் எழுதவில்லை. நேரில் போனேன். இன்னும் 4,000 ரூபாய் கொடுத்தால் வேறொன்று மாற்றித் தருகிறோம் என்றார்கள். மறுத்துவிட்டு வந்தேன்.

பிறகு சித்தூரில் மிக்சி, லேப்டாப் எல்லாம் பழுதுபார்க்கும் ஒருவரிடம் கொடுத்தேன். என் கண்ணெதிரே திறந்து, ஒவ்வொன்றையும் படம் எடுத்துக்கொள்ளச் சொன்னார். பேட்டரியின் மேல் உறை புதியது. அதைக் கிழித்ததும் வெவ்வேறு நிறச் செல்கள். ஒன்றின் முனையில் துரு. "சேச்சி, இது புதிய பேட்டரி இல்லை. பழைய செல்களைச் சேர்த்துக் கட்டிப் புது உறை போட்டிருக்கிறார்கள்" என்றார். இந்த வகை இயந்திரங்களில் பெரும்பாலானவை 14.4 வோல்ட் லித்தியம் பேட்டரியில் ஓடுபவை. நான்கு செல்கள், அல்லது நான்கு ஜோடிகள், வரிசையாக இணைந்திருக்கும். அந்த வரிசையில் ஒன்று பலவீனமானாலும் போதும், மற்றவற்றில் சார்ஜ் மிச்சமிருக்கும்போதே பாதுகாப்பு மின்சுற்று பேட்டரி முழுவதையும் நிறுத்திவிடும். கடையில் சில நிமிடம் ஓடியதும் வீட்டில் நின்றதும் இதனால்தான். உறிஞ்சும் விசிறியின் கூட்டுக்குள் சேறு காய்ந்து ஒட்டியிருந்தது. முந்தைய வீட்டில் சிந்திய தண்ணீரை அது உறிஞ்சியிருக்கிறது. விசிறியின் பேரிங் உரசும் சத்தம் அதைத் தனியே சுற்றியபோது தெளிவாகக் கேட்டது. வெளிப்புறத்தைத் துடைத்து மினுக்கியதைத் தவிர அந்தக் கடை எதையும் புதுப்பிக்கவில்லை.

ஆகவே பழையதை வாங்கப் போகிறவர்கள் ஓடுவதைப் பார்த்து ஏமாறாதீர்கள். முழுச் சார்ஜில் தொடங்கி, தானாகச் சார்ஜ் ஏற்றப் போகும்வரை ஓட விடுங்கள். "கடையில் அவ்வளவு நேரம் முடியாது" என்றால், சில நாள் வீட்டில் ஓட்டிப் பார்த்துத் திருப்பித் தரலாம் என்று எழுத்தில் வாங்குங்கள். 5200 மில்லி ஆம்பியர் மணி (mAh) பேட்டரி நல்ல நிலையில் இருந்தால் சாதாரண வேகத்தில் இரண்டு மணி நேரத்தை ஒட்டி ஓடும். பழகியது ஒரு மணி நேரமாவது தாங்க வேண்டும். அரை மணி நேரத்துக்குள் நின்றால் பேட்டரி விலையையும் சேர்த்தே கணக்குப் பாருங்கள். லித்தியம் செல்கள் சில நூறு முறை சார்ஜ் ஏறி இறங்கியதும் கொள்ளளவை இழப்பது இயல்பு, அதில் யாரையும் குறை சொல்ல முடியாது. பழையதைப் புதியது என்று சொல்வதுதான் மோசடி.

குப்பைப் பெட்டியைக் கழற்றி, வடிகட்டி உட்காரும் இடத்தை டார்ச் அடித்துப் பாருங்கள், முகர்ந்தும் பாருங்கள். ஈர வாடையோ காய்ந்த சேறோ இருந்தால் வேண்டாம். பிரஷ்ஷின் இரு முனைகளிலும் முடி இறுகிச் சுற்றியிருக்கும். அதை எடுத்துவிடலாம். ஆனால் அந்த உராய்வுச் சூட்டில் முனையின் பிளாஸ்டிக் உருகியிருந்தால் பிரஷ் நேராகச் சுழலாது. மேலே கோபுரம்போல் சுழலும் லேசர் உள்ள மாதிரியென்றால் அது சுழலும் சத்தத்தைக் கேளுங்கள். கரகரப்பு இருந்தால் அதுவும் ஆயுள் முடியும் தறுவாயில் இருக்கிறது. பழைய வண்டி வாங்குபவர் கிலோமீட்டர் பார்ப்பதுபோல, மொத்தம் எத்தனை மணி நேரம் ஓடியது என்ற பதிவைச் செயலியில் காட்டச் சொல்லுங்கள். பிரஷ், வடிகட்டி ஆகியவற்றின் 'மீதி ஆயுள்' சதவீதத்தை மட்டும் நம்ப வேண்டாம். அதை யார் வேண்டுமானாலும் ஒரு தொடுகையில் நூறாக்கிவிடலாம்.

எல்லாவற்றையும்விட முக்கியம் செயலிக் கணக்கு. முந்தைய உரிமையாளரின் கணக்கிலிருந்து விடுவித்து, உங்கள் கைபேசியில், உங்கள் செயலியில், கடையிலேயே இணைத்துக் காட்டிய பிறகுதான் பணம் கொடுங்கள். இவற்றில் பெரும்பாலானவை 2.4 கிகாஹெர்ட்ஸ் வைஃபையில் மட்டுமே இணையும் என்பதால் கைபேசியின் ஹாட்ஸ்பாட்டையும் அதே அலைவரிசையில் வைத்துக்கொள்ளுங்கள். கேமரா உள்ள மாதிரி என்றால் இதில் விட்டுக்கொடுக்கவே கூடாது. தொலைவிலிருந்து கேமராவைப் பார்க்கும் வசதி கணக்குக்கு உரியவரிடம்தான் இருக்கும். முகம் தெரியாத ஒருவரின் கணக்கில் இருக்கும் கேமராவை நம் பெண்கள் படுத்திருக்கும் அறைக்குள் விடலாமா? வெறும் பயமுறுத்தல் அல்ல இது. சோதனைக்காக வீடுகளில் ஓடிய ரூம்பா என்ற ரோபோ வேக்குவங்கள் எடுத்த அந்தரங்கப் படங்கள் இணையத்தில் கசிந்ததை 2022இல் எம்ஐடி டெக்னாலஜி ரிவ்யூ என்ற அமெரிக்க இதழ் வெளியிட்டது. 2024இல் அமெரிக்காவில் சில வீடுகளின் எகோவாக்ஸ் நிறுவன ரோபோ இயந்திரங்களுக்குள் வெளியாட்கள் ஊடுருவி, அவற்றின் ஒலிபெருக்கி வழியாக வசைச் சொற்களைக் கத்தினார்கள்.

நிறுவனமே இல்லாமல் போவதும் உண்டு. நீட்டோ என்ற நல்ல பெயர் பெற்ற நிறுவனம் 2023இல் மூடப்பட்டது. அதன் இணையச் சேவையை இன்னும் ஐந்தாண்டு நடத்துவதாகச் சொன்ன தாய் நிறுவனம் 2025இலேயே அதையும் நிறுத்தியது. அந்த இயந்திரங்கள் பழுதில்லாதவைதான், ஆனால் பொத்தானை அழுத்தி ஓட்டுவதோடு சரி. 2002இல் ரூம்பாவைக் கொண்டுவந்த ஐரோபோட் நிறுவனமே 2025 டிசம்பரில் திவால் பாதுகாப்புக் கோரியது. வெளிநாட்டு மாதிரி ஒன்று மலிவாகக் கிடைத்தால், அதன் செயலி இன்றைக்கும் உயிரோடு இருக்கிறதா, வடிகட்டியும் பிரஷ்ஷும் இந்தியாவில் கிடைக்கின்றனவா என்று பார்த்துவிட்டு முடிவெடுங்கள்.

இவ்வளவு சொல்வதால் நான் இந்த இயந்திரத்துக்கே எதிரி என்று நினைக்க வேண்டாம். பாலக்காட்டில் என் சித்தி மகளின் அடுக்குமாடி வீட்டில் தெரிந்தவரிடம் வாங்கிய பழைய ரோபோ ஒன்று தினமும் ஓடுகிறது. வழவழப்பான டைல்ஸ், அறைக்கு அறை ஒரே மட்டம், தரையில் வயர் இல்லை. அங்கே அது கட்டிலுக்கும் அலமாரிக்கும் அடியில் புகுந்து எடுத்துவரும் தூசியையும் முடியையும் பார்த்தால் அருமையான கருவி என்றே சொல்வேன். முதுகு வலி, மூட்டு வலி உள்ளவர்களுக்கு அது உண்மையான உதவி.

நம் பக்கத்துப் பழைய வீடுகள் வேறு. இரண்டு சென்டிமீட்டருக்கு மேல் உயரமுள்ள நிலைப்படியைப் பெரும்பாலான ரோபோக்கள் ஏறாது. எங்கள் வீட்டில் அறைக்கு ஒரு நிலைப்படி. யாராவது தூக்கி வைத்தால்தான் அடுத்த அறை. காவித் தரையைச் சுற்றிக் கறுப்புக் கரை போட்ட வீடுகளில் இன்னொரு சிக்கல் உண்டு. படியில் விழாமலிருக்க அடிப்பகுதியில் உள்ள சென்சார்கள் அகச்சிவப்புக் கதிரை அனுப்பி, அது திரும்பி வருகிறதா என்று பார்க்கின்றன. கறுப்பு அந்தக் கதிரை விழுங்கிவிடுவதால், தரையே இல்லை, பள்ளம் என்று எண்ணி இயந்திரம் பின்வாங்கிவிடும். இது பழுதல்ல. எந்தக் கடைக்காரரையும் இதற்காகத் திட்டக் கூடாது. கோலமாவு போன்ற நுண்பொடி வடிகட்டியை விரைவில் அடைத்துவிடும், பூஜையறைக்குள் விடாமல் இருப்பது நல்லது. கயிற்று மிதியடியின் நார் பிரஷ்ஷில் சிக்கும். துணி கட்டித் துடைக்கும் வசதி பெரும்பாலும் ஈரத் துணியை மேலாக இழுத்துச் செல்வதுதான். சாம்பார் காய்ந்த கறை அதற்கெல்லாம் அசையாது. திண்ணையும் வாசலும் என்றைக்கும் துடைப்பத்துக்கு உரியவை. சமமான தரையில் தினசரித் தூசியை எடுக்க வேண்டும் என்ற தேவை உங்கள் வீட்டில் இருந்தால் வாங்குங்கள்.

கடைசியாக, "கேரளத்துக்குக் கொண்டுபோய்விட்டீர்கள்" என்ற அந்தப் பேச்சு. இதைக் கேட்டுப் பின்வாங்கி விடாதீர்கள். 2020 ஜூலையில் நடைமுறைக்கு வந்த நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், 2019இன் 34ஆவது பிரிவின்படி, வாங்கியவர் தாம் குடியிருக்கும் அல்லது வேலை செய்யும் இடத்தின் மாவட்ட நுகர்வோர் ஆணையத்திலேயே புகார் கொடுக்கலாம். முன்பிருந்த 1986ஆம் ஆண்டுச் சட்டத்தில் இந்த உரிமை இல்லை. அன்றைக்கு என்றால் நாம் கோவைக்குத்தான் அலைய வேண்டியிருந்திருக்கும். இப்போது கடை கோவையில் இருந்தாலும் பாலக்காட்டில் வழக்குத் தொடுக்க முடியும். 5 லட்சம் ரூபாய் வரையிலான பொருளுக்குப் புகார்க் கட்டணம் இல்லை. வழக்கறிஞர் கட்டாயமில்லை. இணையவழியாகவும் தாக்கல் செய்யலாம். அதற்கு முன் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் பதிவு செய்து, கடைக்கு எழுத்தில் ஓர் அறிவிப்பு அனுப்புவது நல்லது. நான் இரண்டையும் செய்தேன். கடை பதில் தரவில்லை. யுபிஐ மூலம் பணம் கட்டிய பதிவு, "பேட்டரி மாற்றிவிட்டோம்" என்ற வாட்ஸ்அப் செய்தி, பேட்டரியைப் பிரித்தபோது எடுத்த படங்கள், பழுதுபார்த்தவர் எழுதிக் கொடுத்த அறிக்கை ஆகியவற்றை இணைத்துப் பாலக்காடு ஆணையத்தில் புகாரைக் கொடுத்துவிட்டேன். விசாரணை இன்னும் தொடங்கவில்லை.

இதேபோல் ஏமாந்தவர்கள் செய்திகளை அழிக்காமல் வையுங்கள். கடைக்காரர் தொலைபேசியில் சொல்வதை, "இன்று நீங்கள் இப்படிச் சொன்னீர்கள்" என்று உடனே வாட்ஸ்அப்பில் எழுதி அனுப்பிப் பதிவாக்குங்கள். புகார் கொடுக்க இரண்டு ஆண்டு அவகாசம் இருக்கிறது. பேட்டரி உப்பியிருந்தால் அதை மீண்டும் சார்ஜ் போடவோ அடுப்படிக் குப்பையில் எறியவோ வேண்டாம். படம் எடுத்துக்கொண்டு, மணல் நிரப்பிய பழைய வாளியில் வீட்டுக்கு வெளியே வைத்து, மின்னணுக் கழிவு எடுப்பவர்களிடம் அது என்ன என்று சொல்லிக் கொடுங்கள்.