தண்ணீர்ப் பந்தலுக்குப் பானையா, ஐஸ் கட்டியா?

தைப்பூசத்தன்று பினாங்குத் தண்ணீர்மலைக்குச் செல்லும் சாலையில் பந்தல் போடும் எங்கள் குழுவில், நீரைக் குளிர்விக்க மண்பானையே போதும் என்று பெரியவர் ஒருவர் வாதிட்டார். இளையவர்கள் ஐஸ் கட்டிதான் வேண்டும் என்றார்கள். இரு தரப்பும் நம்பியிருந்தது நீரின் ஒரே குணத்தைத்தான்: நிலை மாறும்போது அது பெருமளவு வெப்பத்தை விழுங்கும்.

கணக்கின்படி பானைக்கே வெற்றி. ஒரு கிலோ ஐஸ் உருகும்போது 334 கிலோஜூல் வெப்பத்தை உறிஞ்சுகிறது; பானையின் வெளிப்புறத்தில் கசியும் நீர் ஒரு கிலோ, 30 பாகை செல்சியஸில் ஆவியாகும்போதோ ஏறத்தாழ 2,430 கிலோஜூல், அதாவது ஏழு மடங்கு. மூலக்கூறுகளைக் கட்டிவைத்திருக்கும் ஹைட்ரஜன் பிணைப்புகளில் சிறு பங்கு அறுந்தாலே ஐஸ் நீராகிவிடும். ஆவியாவதற்கு ஏறக்குறைய அனைத்துமே அறுபட வேண்டும். ஆனால் அந்த ஆவியை வாங்கிக்கொள்ளக் காற்று வறண்டிருக்க வேண்டுமே! 40 பாகை வெயிலும் 20 விழுக்காடு ஈரப்பதமும் உள்ள மதுரை நண்பகலில் பானை நீர் 23 பாகையை நெருங்கலாம். இங்கே 32 பாகையும் 70 விழுக்காடும் என்றால், எவ்வளவு நல்ல பானையானாலும் ஏறத்தாழ 27 பாகையோடு நின்றுவிடும். பெரியவரின் பானை காலை முழுவதும் வெளியே நனைந்தபடியே இருந்தது. தொட்டால் சில்லென்று இல்லை.

ஐஸுக்கு இந்தத் தடை கிடையாது. 20 லிட்டர் நீரை 30 பாகையிலிருந்து 10 பாகைக்கு இறக்க நாலரைக் கிலோ ஐஸ் போதும். அதே வேலைக்கு 0 பாகையில் உள்ள வெறும் நீரைக் கலப்பதானால் 40 லிட்டர் தேவைப்படும். ஐஸ் மிதப்பதும் நமக்கு வசதியே. மேலே குளிர்ந்த நீர் கனத்துக் கீழே இறங்க, அடியில் உள்ள வெதுவெதுப்பான நீர் மேலேறுவதால், கரண்டி போட்டுக் கலக்காமலேயே குளிர் பரவுகிறது. 4 பாகைக்குக் கீழே இந்தச் சுழற்சி நின்றுவிடும். பந்தலில் யாரும் அவ்வளவு குளிர்ந்த நீரைக் கேட்பதில்லை.

குளிர்பதனப் பெட்டியைப் பற்றி அதிகம் பேச வேண்டியதில்லை. வீட்டிலுள்ள பெட்டி 20 லிட்டரைக் குளிர்விக்கப் பல மணி நேரம் எடுக்கும், கூட்டமோ காத்திருக்காது.

இருந்தாலும், பானையை முடக்கிய அதே ஈரக்காற்று ஐஸையும் விடுவதில்லை. குளிர்ந்த பீப்பாயின் வெளிப்புறத்தில் துளித்துளியாகப் படியும் நீர், ஆவியானபோது வாங்கிய வெப்பத்தை அப்படியே திருப்பிக் கொடுக்கிறது. 100 மில்லி நீர் படிந்தால், அது தரும் வெப்பம் ஏறத்தாழ 700 கிராம் ஐஸை உருக்கப் போதுமானது. பீப்பாயைச் சுற்றி ஈரச் சாக்கைப் போர்த்துவது ஊர்ப் பழக்கம். இங்கே பொருந்துவது காற்றுப் புகாதபடி இறுகச் சுற்றிய தடித்த ஃபோம் உறையே.