ஊதுவதா, ரப்பரா, ஆல்கஹாலா: பழைய கேம் கேசட்டை ஓடவைக்கும் வழிகள்

பழைய கேம் கேசட் ஓடாமல் அடம்பிடித்தால், அதன் அடிவிளிம்பில் வரிசையாகத் தெரியும் பொன்னிற மின்தொடர்புப் பட்டைகளில்தான் எல்லாம் இருக்கிறது. ஜப்பானின் நிண்டெண்டோ நிறுவனம் 1983இல் வெளியிட்ட ஃபேமிகாம் என்ற கேம் கருவியின் கேசட்டுக்கு 60 பட்டைகள், அந்தக் கருவியையே மாற்றியமைத்து 1985இல் அமெரிக்காவுக்குக் கொண்டுபோன என்.இ.எஸ். கேசட்டுக்கு 72, அதே நிறுவனத்தின் கையடக்கக் கருவியான கேம் பாய்க்கு 32. தொண்ணூறுகளில் நம் வீடுகளில் டிவி கேம் என்ற பெயரில் புழங்கிய நகல் கருவிகள் பெரும்பாலும் அந்த 60 பட்டை வகையைச் சேர்ந்தவை. பட்டை என்பது செம்பு. அதன் மேல் நிக்கல். அதற்கும் மேல் மெல்லிய தங்கப் பூச்சு. அந்தப் பூச்சு நல்ல கேசட்டிலேயே ஒரு மைக்ரானை ஒட்டித்தான் இருக்கும். தலைமுடியின் தடிமன் அதைப்போல் பல மடங்கு. ஆகவே சுத்தம்செய்யும் எந்த வழியைப் பற்றிக் கேட்டாலும் நான் முதலில் பார்ப்பது ஒன்றைத்தான்: அழுக்கோடு சேர்த்து எவ்வளவு உலோகத்தை அது எடுத்துப்போகிறது?

ஊதுவதிலிருந்து தொடங்கலாம். யாரும் சொல்லித்தராமலே பல நாட்டுப் பிள்ளைகள் கைக்கொண்ட வழி இது. உலோகத்தை அது அப்போதைக்கு எடுப்பதில்லை. ஆனால் மூச்சுக்காற்றில் ஈரமும் எச்சிலும் போகின்றன. பூச்சு தேய்ந்த இடத்தில் அந்த ஈரம் தங்கினால், கவனிக்காமல் விட்ட செம்புக் குடத்தில் பிடிப்பதுபோலப் பச்சைக் களிம்பு பிடிக்கும். ஊதாதீர்கள் என்று நிண்டெண்டோவே எச்சரித்திருக்கிறது.

பிறகு ஏன் ஊதியதும் ஓடியது? ஊதுவதற்காகக் கேசட்டை வெளியே எடுத்து மறுபடி செருகினோம், அதனால்தான். செருகும்போது கருவியின் உள்ளே இருக்கும் கம்பிகள் பட்டையை உரசி, சுத்தமான புது இடத்தில் போய் உட்காருகின்றன. ஈரமும் அந்த நேரத்துக்கு மின்சாரம் பாயக் கொஞ்சம் உதவியிருக்கலாம். என்.இ.எஸ். கருவியில் இதற்கு இன்னொரு காரணமும் உண்டு. கேசட் அசல்தானா என்று சரிபார்க்கும் சிப் ஒன்று கருவியிலும், அதன் ஜோடி கேசட்டிலும் இருந்தன. இரண்டும் பேசிக்கொள்ள முடியாவிட்டால் கருவி நொடிக்கு ஒருமுறை தன்னை நிறுத்தித் தொடங்கும். சிவப்பு விளக்கு கண்சிமிட்டும். சில பட்டைகளில் தொடர்பு கெட்டாலே போதும், முழுக் கேசட்டும் செத்துவிட்டதுபோலத் தோன்றும். அடுத்த முறை ஊதாமல் வெறுமனே எடுத்துச் செருகிப் பாருங்கள். பலமுறை அதுவே போதுமானதாக இருக்கும்.

உண்மையான போட்டி ரப்பருக்கும் ஆல்கஹாலுக்கும்தான்.

பென்சில் எழுத்தை அழிக்கும் ரப்பர் எந்த வீட்டிலும் கிடைக்கும். நாலு இழுப்பில் கருப்பு போய்ப் பட்டை மின்னும். ஆல்கஹாலால் அசைக்க முடியாத களிம்பைக்கூட அது எடுத்துவிடுகிறது, அந்தப் பெருமையை மறுக்க முடியாது. ஆனால் அது கரைப்பதில்லை, சுரண்டுகிறது. மையை அழிக்கும் சொரசொரப்பான ரப்பர் இன்னும் மோசம். பன்னிரண்டு வயதில் நான் ஒரு கேசட்டை மாதம் ஒருமுறை ரப்பரால் தேய்த்துவந்தேன். மின்னுவதைப் பார்க்க அத்தனை ஆசை. இன்று அதன் நடுப்பட்டைகளில் தங்கம் இல்லை. நிக்கலின் வெள்ளிநிறம் தெரிகிறது, ஓரிரண்டில் செம்பே தெரிகிறது. முன்பு ஆண்டுக்கு ஒருமுறை அடம்பிடித்த கேசட் இப்போது வாரத்துக்கு ஒருமுறை அடம்பிடிக்கிறது. உதிரும் துகள்களும் கருவியின் வாய்க்குள் போய்ச் சேர்ந்துகொள்கின்றன.

ஐசோபுரொப்பைல் ஆல்கஹால் உலோகத்தைத் தொடுவதில்லை. கைவியர்வையின் எண்ணெய், பிசுக்கு, ஒட்டிய தூசி இவற்றை இளக்கித் தூக்கிவிட்டுத் தானும் ஆவியாகிவிடும். பத்து கேசட்டுகளில் எட்டு ஒன்பது கெட்டிருப்பது இந்த அழுக்கால்தான் என்பது என் அனுபவம். செல்போன் பழுதுபார்ப்பவர்கள் பயன்படுத்தும் 99 சதவீத வகையை வாங்குங்கள். சென்னையில் ரிச்சி தெருப் பக்கம் போனால் கிடைக்கும். 70 சதவீத வகையில் மீதி பெரும்பாலும் தண்ணீர், அது காய நேரம் பிடிக்கும். பஞ்சுக்குச்சியை நனைத்து, சொட்டாமல் பிழிந்து, பட்டையின் நீளவாக்கில் இழுக்க வேண்டும். குச்சி கருத்துப்போனால் வேறு குச்சி, ஐந்தாறு ஆகலாம். இறுதியில் குச்சி வெள்ளையாகவே வரும்போது நிறுத்தி, நன்றாகக் காயவிட்ட பிறகே செருகுங்கள்.

இங்கே ஓர் ஆட்சேபம் எழும். என்.இ.எஸ். கேசட்டின் பின்பக்க ஒட்டுத்தாளிலேயே பென்சீன், தின்னர், ஆல்கஹால் எதாலும் துடைக்காதீர்கள் என்று அச்சிட்டிருக்கிறார்களே என்பார்கள். நியாயமான கேள்வி. ஒட்டுத்தாளின் மையும் பிளாஸ்டிக்கின் மெருகும் கெட்டுவிடும் என்ற பயம் எனக்கும் உண்டு, அதனால்தான் பிழிந்த குச்சி, பட்டையில் மட்டும் என்கிறேன். அந்த அளவோடு நின்ற எந்தக் கேசட்டும் என் கையில் கெட்டதில்லை.

ஆகவே என் தேர்வு ஆல்கஹால். இரண்டு சுற்று ஆன பிறகும் ஓடாமல், பட்டையில் கரும்புள்ளியோ பச்சையோ கண்ணுக்குத் தெரிந்தால் மட்டும் மென்மையான வெள்ளை ரப்பர். அதுவும் அந்தப் பட்டையில் மட்டும் இரண்டு மூன்று இழுப்பு, உடனே ஆல்கஹாலால் துடைப்பு. கேசட்டின் ஆயுளில் ஒருமுறை செய்யும் வைத்தியமாக அதை வைத்துக்கொள்ளுங்கள்.

பித்தளை துலக்கும் பிராஸோ போட்டுத் தேய்ப்பவர்களும் இருக்கிறார்கள். குத்துவிளக்குக்கு உகந்தது கேசட்டுக்கு ஆகாது. அதில் அரைக்கும் பொடியும் இருக்கிறது, செம்பை அரிக்கும் அம்மோனியாவும் இருக்கிறது. புளி, எலுமிச்சை, வினிகர் ஆகியவற்றின் அமிலம் களிம்பைத் தின்னும், ஆனால் சரியாகக் கழுவாவிட்டால் தின்றுகொண்டே இருக்கும். துரு நீக்கத் தெளிக்கும் சாதாரண டபிள்யூ.டி.40 எண்ணெய்ப் படலத்தை விட்டுப்போய்த் தூசியை இழுக்கிறது. மின்தொடர்புகளுக்கென்றே விற்கும் ஸ்பிரே நல்லதுதான். விலையைப் பார்த்தால் ஐந்தாறு கேசட் வைத்திருப்பவருக்குத் தேவையில்லை.

கேசட் சுத்தமாகியும் படம் வராவிட்டால் மறுபடி கேசட்டைத் தேய்க்காதீர்கள். வேறு இரண்டு கேசட்டுகளைச் செருகிப் பாருங்கள். அவையும் தடுமாறினால் கோளாறு கருவியின் வாயில்: அங்கே அழுக்கு சேர்ந்திருக்கும், அல்லது கம்பிகள் தளர்ந்திருக்கும். பழைய அட்டை ஒன்றைக் கேசட்டின் விளிம்பளவு தடிமனுக்கு மடித்து, பஞ்சுத்துணி சுற்றி, ஆல்கஹாலில் லேசாக நனைத்து, மின்சாரத்தை நிறுத்திவிட்டு நாலைந்து முறை செருகி எடுங்கள். என் பழைய கருவியின் வாயிலிருந்து முதல் தடவை வந்த துணி கரி பிடித்ததுபோல இருந்தது. அதற்கு முன் இரண்டு ஆண்டுகள் நான் பழி சொல்லிக்கொண்டிருந்தது கேசட்டுகளை.